பச்சை மை

அத்தியாயம் பதினான்கு

அரசாங்கம் வாங்கித் தந்த டிக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தன் சமையலறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நடீன் கோசாக்கைத்தான் போன வாரம் கடைசியாகப் பார்த்தோம். "அவங்க காசுல போனா, காசு வாங்கிட்டுச் சாட்சி சொன்னாள்னு நாளைக்கு ஒரு நாக்கு பேசும்" என்று அவள் சொன்னதும், அரசாங்க வக்கீல் ருயிஸ் அந்தப் பக்கம் போனில் பெருமூச்சு விட்டதும் நினைவிருக்கும்.

வீம்புதான். ஆனால் விமானிகளுக்கே உரிய வீம்பு. முப்பது வருடம் வானத்தில் வேலை பார்த்தவர்கள் விமானத்துக்கு டிக்கெட் வாங்க மாட்டார்கள். விமானி அறையில், இரண்டு விமானிகளின் முதுகுக்குப் பின்னால் மடக்கி விரிக்கிற சின்ன இருக்கை ஒன்று உண்டு. ஜம்ப் சீட் என்பார்கள். எந்தக் கம்பெனி விமானியானாலும் வாசலில் வந்து நின்று, அந்த விமானத்தின் கேப்டனிடம் "உங்ககூட வரலாமா?" என்று கேட்க வேண்டும். கேட்பது மரியாதை, சரி என்பதும் மரியாதை. மாட்டேன் என்று சொல்லும் உரிமை கேப்டனுக்கு உண்டுதான். வேலைநிறுத்தத்தை முறித்த துரோகிகளைத் தவிர வேறு யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மில்வாக்கி விமான நிலையத்தில் நடீன் நின்றாள். வாஷிங்டன் நீதிமன்றத்தில் மதியம் ஒன்றரை மணிக்கு அவள் கூண்டில் ஏற வேண்டும். வழக்கு ஊரறிந்தது. கிராண்ட் மெரிடியன் என்ற பெரிய கம்பெனி, அவள் வேலை பார்க்கும் கில்டீர் ஏர்வேஸ் என்ற சின்ன கம்பெனியை விலைக்கு வாங்கப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றானால் போட்டி செத்துப்போகும், ஜனங்கள் தலையில் கட்டணம் ஏறும் என்று அரசாங்கம் குறுக்கே விழுந்திருக்கிறது. கில்டீரின் ஆயிரத்துத் தொள்ளாயிரம் விமானிகளில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த இணைப்பு வேண்டும். மெரிடியனில் சம்பளம் அதிகம். கில்டீரோ மூன்று வருடமாக நஷ்டத்தில் ஓடுகிறது.

வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்ல வந்தவள் நடீன் ஒருத்திதான்.

ஆறு நாற்பதுக்கு வாஷிங்டன் போகும் கில்டீர் விமானத்தின் கேப்டன் அவளுடைய பழைய தோழர். அதை நம்பித்தான் டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருந்தாள். வாசலில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"அவர் உடம்பு சரியில்லன்னு வரல, கேப்டன். மாத்து ஆள் போட்டிருக்காங்க."

"யாரு?"

"உங்க தம்பி."

நடீனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆண்டவன் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் நாட்களில் இப்படித்தான் விளையாடுவார் போலிருக்கிறது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.

வேட் கோசாக் இடப்பக்க இருக்கையில் இருந்தான். கேப்டனாகி நாலு மாதம்தான் ஆகிறது. பக்கத்தில் துணை விமானி ஏதோ எண்களை அழுத்திக்கொண்டிருந்தவர், அவளைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்க்க ஒரு சாமான் வண்டியைத் தவிர ஒன்றும் இல்லை.

"கேப்டன், வாஷிங்டன் வரைக்கும் உங்ககூட வரலாமா?"

ஏழு வயது இளைய தம்பி. கில்டீரில் அவன் சேர்ந்ததே இவள் எழுதிய சிபாரிசுக் கடிதத்தில். முறை முறைதான் என்று, தொப்பியைக் கழற்றிவிட்டே கேட்டாள்.

"இடமில்ல" என்றான் வேட்.

"சீட்டெல்லாம் நிறைஞ்சிடுச்சுன்னு தெரியும். உன் முதுகுக்குப் பின்னாடி ஒண்ணு காலியாத்தானே இருக்கு."

"அது என் இஷ்டம், அக்கா."

"உன் இஷ்டம்தான். அதனாலதான் கேக்கறேன்."

அவன் கையிலிருந்த அட்டையை மடியில் வைத்தான். "இதுல நீ உக்காந்தா, உன்னைக் கோர்ட்டுக்குக் கொண்டு போய் விட்டவனே நான்தான்னு ஆயிடும். நாளைக்கு மத்தவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"அவங்க முகம் இருக்கட்டும். என் முகத்தைப் பாத்துச் சொல்லு."

அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே சொன்னான்.

"முடியாது."

அவன் பயம் என்னவென்று நடீனுக்குத் தெரியாமல் இல்லை. வேட் முதலில் வேலை பார்த்த கம்பெனி ஒரு புதன்கிழமை மத்தியானம் இழுத்து மூடப்பட்டது. முப்பத்தெட்டு வயதில், இரண்டு பிள்ளைகளோடு, கிடங்கில் பெட்டி அடுக்கினான். இரண்டு வருடம். கில்டீரும் அப்படி மூடினால் இன்னொரு தடவை அடியிலிருந்து எழ அவனுக்குத் தெம்பு இல்லை. பெரிய கம்பெனி விழுங்கினால் வயிற்றுக்குள்ளாவது இருக்கலாமே என்பது அவன் கணக்கு.

அவள் வாங்கிய அடி வேறு. அவள் முதலில் இருந்த கம்பெனி இப்படித்தான் ஒரு பெரிய கம்பெனியோடு சேர்ந்தது. விமானிக்குத் தலையெழுத்து என்பது சீனியாரிட்டி நம்பர்தான். எந்த ஊரில் வேலை, எந்த விமானம், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்கலாமா கூடாதா, எல்லாம் அந்த நம்பர் சொல்லும். அறுநூற்று நாற்பதாவது ஆளாக இருந்தவளை, இரண்டு பட்டியலையும் சேர்த்தபோது நாலாயிரத்துக்குக் கீழே தள்ளினார்கள். கேப்டன் பதவி போயிற்று. மில்வாக்கியில் வேலை போயிற்று. ஊர் ஊராகத் தூங்கியதில் கல்யாணமும் போயிற்று. இணைப்புக்கு முதல் நாள் வரை "ஒண்ணும் மாறாது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சரி" என்று நடீன் தொப்பியைப் போட்டுக்கொண்டாள். "நடந்தாவது போவேன்டா. ஆனா இன்னிக்கு நீ சொன்ன வார்த்தையை மறந்துடாதே. நானும் மறக்க மாட்டேன்."

நூற்று முப்பது பயணிகள் பார்க்க, பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் நல்ல கோபம்.

வெளியே வந்து உட்காருவதற்குள் போன் அடித்தது. வேட்டின் மனைவி கார்லா. செய்தி விமானத்தைவிட வேகமாகப் பறக்கிற தொழில் இது.

"ஏத்தலையாமே" என்றாள் கார்லா.

"ஏத்தல."

"சந்தோஷம். அக்கா, வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழியை உடைக்கறீங்க. உங்களுக்கு என்ன, பொண்ணு வளந்துட்டா, பட்டியல்ல மேல உக்காந்திருக்கீங்க. எங்களுக்கு அப்படியா? அந்த ரெண்டு வருஷம் எங்க வீட்டுல என்ன சாப்பிட்டோம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் கார்லா. பாதி நாள் நான்தானே கொண்டு வந்தேன்."

நாத்தனாருக்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் யாருக்குத்தான் வாய் வரும்.

"இன்னிக்கு ராத்திரி மீன் சாப்பாட்டுக்கு நீங்க வர வேண்டாம்" என்று கார்லா வைத்துவிட்டாள்.

இருபது வருடமாக வெள்ளிக்கிழமை என்றால் குடும்பம் முழுக்க ஒரே கடையில் ஒரே மேஜை, பொரித்த மீன், உருளைக்கிழங்கு அடை, ரை மாவு ரொட்டி. வானத்தில் இருந்த வெள்ளிக்கிழமைகள் தவிர நடீன் தவறியதில்லை. அந்த மேஜையிலும் இன்றைக்கு அவளுக்கு இடம் இல்லை என்றாகிவிட்டது.

மீதி இருந்தது ஒரே வழி. எட்டு பத்துக்கு வாஷிங்டன் போகும் இன்னொரு விமானம். கிராண்ட் மெரிடியனுடையது. யாரை எதிர்த்துச் சாட்சி சொல்லப் போகிறாளோ அவர்களுடைய விமானம். வேறு யாராவதாக இருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார்கள். நடீன் அந்த வாசலுக்குத்தான் போனாள்.

கேப்டன் பெயர் ஹென்ட்ரிக்ஸ். அறுபதைத் தொடப்போகிற ஆள். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய அடையாள அட்டையைப் படித்தார்.

"கோசாக். அந்த கோசாக்கா?"

"அந்த கோசாக்தான். எதுக்குப் போறேன்னும் சொல்லிடறேன். பிறகு ஏமாத்திட்டேன்னு சொல்லக் கூடாது."

"எனக்குத் தெரியும். உள்ள வாங்க."

நடீன் நகரவில்லை. "ஏன்?"

"ஏன்னா? எனக்கு உங்க மேல பாசமெல்லாம் ஒண்ணும் இல்ல, கேப்டன். எங்க பட்டியல்ல என் நம்பர் எழுநூத்திப் பன்னிரண்டு. முப்பத்தோரு வருஷம் முட்டி தேய ஏறினது. உங்க ஆளுங்க ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேரை எங்களுக்கு நடுவுல செருகப் போறாங்களாம். அதை நிறுத்தறதுக்கு உங்களை வாஷிங்டன் வரைக்கும் என்ன, நிலா வரைக்கும் கொண்டு போய் விடுவேன்."

நல்ல மனது என்று அவர் பேசியிருந்தால் நடீன் சந்தேகப்பட்டிருப்பாள். சுயநலம் என்றதும் நிம்மதியாக உட்கார்ந்து பட்டையைப் போட்டுக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்குச் சரியாகக் கூண்டில் ஏறினாள். விமானி உடுப்பிலேயே போயிருந்தாள். மாலை ஐந்து நாற்பதுக்கு வாஷிங்டனிலிருந்து மில்வாக்கிக்கு ஒரு விமானத்தை அவளே ஓட்ட வேண்டும். சாட்சி சொன்ன கையோடு உடம்பு சரியில்லை என்று படுத்துவிடுவாள் என்று கம்பெனியில் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அதனாலேயே அவள் படுக்கப் போவதில்லை.

ருயிஸ் கேட்டது ஒரே விஷயம்தான். மார்ச் மாதம், விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில், அறுபது விமானிகளைக் கூட்டி வைத்து கில்டீரின் துணைத் தலைவர் ஸ்லோன் என்ன சொன்னார்?

"இணைப்பு முடிஞ்ச ஆறு மாசத்துல மில்வாக்கி தளத்தை மூடுவோம், பதிமூணு ஊருக்கு விமானத்தை நிறுத்துவோம்னார்" என்றாள் நடீன். "கேட்டதை எழுதினேன். எழுதினதை எழுந்து நின்னு அவருக்கே திருப்பிப் படிச்சேன். 'சரியா?'ன்னு கேட்டேன். 'சரி'ன்னார்."

"எதுக்குத் திருப்பிப் படிச்சீங்க?"

"நாங்க அப்படித்தான். கீழேருந்து ஒருத்தர் உயரம் எவ்வளவு, திசை எதுன்னு சொன்னா, அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். அவர் சரின்னு சொன்ன பிறகுதான் அது உண்மை. காதை மட்டும் நம்பி நாங்க ஆளுங்களை ஏத்திட்டுப் போறதில்ல."

கம்பெனி வக்கீல் மெரிட் எழுந்தார். ஒல்லி ஆள், குரல் மட்டும் தேன்.

"கேப்டன், இதுக்கு முன்னாடி ஒரு இணைப்புல நீங்க மூவாயிரத்துச் சொச்சம் நம்பர் கீழ இறங்கினீங்க. அந்தக் கோபம் இன்னும் ஆறல, இல்லையா?"

"ஆறல."

"அப்போ இது பழைய கணக்கு."

"அடிபட்டவளுக்குத்தான் வலிக்கிற இடம் தெரியும், ஐயா."

"அறுபது பேர் இருந்த அறை. ஸ்லோன் அப்படிச் சொல்லவே இல்லன்னு சொல்றார். மத்த அம்பத்தொன்பது பேருக்கும் கேக்காதது உங்களுக்கு மட்டும் கேட்டிருக்கு."

"கேட்டது அறுபது பேருக்கும்தான். வாயைத் திறந்தது நான் ஒருத்தி."

பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். மெரிட் அந்தக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"உங்க மத்த குறிப்பெல்லாம் கறுப்பு மை. இது மட்டும் பச்சை. வீட்டுல உக்காந்து, பிறகு எழுதினது, அப்படித்தானே?"

"இல்ல. என் பேனா அன்னிக்கு எழுதல. பக்கத்துல இருந்தவர்கிட்ட இரவல் வாங்கி எழுதினேன்."

சொன்ன பிறகுதான் நடீனுக்கு உறைத்தது. மெரிட்டுக்கும் உறைத்திருக்கும். இரவல் பேனா என்றால் அதைக் கொடுத்த ஒரு ஆள் உண்டு. பக்கத்திலேயே இருந்து பார்த்த இன்னொரு சாட்சி. தோண்டக் கூடாத இடத்தில் தோண்டிவிட்டோம் என்று தெரிந்ததும் மெரிட் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

ருயிஸ் விடவில்லை, எழுந்தார். "அந்தப் பேனா யாரோடது, கேப்டன்?"

வேட் பள்ளிக்கூடத்திலிருந்தே பச்சை மையில்தான் எழுதுவான். அவனுடைய பறப்புக் குறிப்பேடு முழுக்கப் பச்சை. அந்தப் பெயரைச் சொன்னால் நாளையே அவனை இங்கே இழுத்து வருவார்கள். சத்தியம் செய்து உண்மையைச் சொன்னால் கம்பெனி அவனை விடாது, பொய் சொன்னால் சட்டம் விடாது. காலையில் அவளை இறக்கிவிட்ட தம்பிதான். பழி தீர்க்க இதைவிடச் சுலபமான வழி கிடைக்காது.

"சொல்ல மாட்டேன்" என்றாள் நடீன்.

ருயிஸ் நீதிபதியைத் திரும்பிப் பார்த்தார்.

"பொய் சொல்ல மாட்டேன், தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன். என் காது கேட்டதுக்கு நான் சாட்சி. அவர் காது கேட்டதுக்கு அவரே வந்து சொல்லட்டும், இல்ல சொல்லாம இருக்கட்டும். யாரையும் இழுத்துட்டு வர நான் இங்க வரல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். நரைத்த தலை, சின்ன உருவம், ஆனால் அந்த அறையில் அவர் பேசினால் மற்ற சத்தம் அடங்கிவிடும்.

"கேப்டன் கோசாக், இது உங்க விமானம் இல்ல. இங்க கேப்டன் நான். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இதே கேள்வியை நானே கேப்பேன். அப்பவும் பதில் வரலன்னா நீதிமன்ற அவமதிப்பு. அதுக்கு என்ன தண்டனைன்னு வார இறுதியில யோசிச்சுப் பாருங்க."

"திங்கள், காலை பத்து. பதில் வரலன்னா அவமதிப்பு" என்றாள் நடீன்.

அறையே சிரித்தது. அவளுக்குத்தான் ஏன் என்று புரியவில்லை. முப்பது வருடப் பழக்கம், வாய் தானாகத் திருப்பிச் சொல்லியிருந்தது.

"சரி" என்றார் நீதிபதி. அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது.

ஐந்து மணிக்கு நடீன் தன் விமானத்தில், தன் இடப்பக்க இருக்கையில் இருந்தாள். துணை விமானி டெரெல் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேப்டன், தப்பா நினைக்காதீங்க. கம்பெனி முழுக்கப் பச்சை மை, பச்சை மைன்னு ஒரே பேச்சா இருக்கு."

"உன் பேனா என்ன கலரு?"

"சத்தியமா நீலம்."

"அப்போ எரிபொருள் எவ்வளவுன்னு பாரு."

வெள்ளிக்கிழமை மாலை விமானம். ஒரு சீட்டுக்கூடக் காலியில்லை. கதவைச் சாத்தப் பத்து நிமிடம் இருக்கும்போது பின்னால் நிழல் விழுந்தது. வேட் நின்றிருந்தான். அவன் வேலை மூன்று மணிக்கே வாஷிங்டனில் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போக அவனுக்கும் மிச்சம் இருந்தது அந்த மடக்கு இருக்கை ஒன்றுதான். தொப்பி கையில் இருந்தது. சட்டைப் பையில் எப்போதும் பச்சை மூடி தெரியும் இடம் காலியாக இருந்தது. பேனாவை எங்கேயோ ஒளித்திருக்கிறான்.

"கேப்டன்" என்றான். "மில்வாக்கி வரைக்கும் உங்ககூட வரலாமா?"

டெரெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தத் தொழிலில் துணை விமானிகளுக்கு ஜன்னல் எவ்வளவு உதவி என்று வெளியாட்களுக்குத் தெரியாது.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது உண்மைதான். ஆனால் நடீன் மனம் இளகி இடம் கொடுத்தாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வீம்பாகத்தான் கொடுத்தாள்.

"காலையில ஒரு கேப்டன் எனக்கு இடமில்லன்னார்" என்றாள், திரும்பாமலே. "நான் அவர் இல்ல. உக்காரு."

அவன் உட்கார்ந்தான். பட்டை மாட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, நான்..."

"கதவு சாத்தியாச்சு. பத்தாயிரம் அடி வரைக்கும் இங்க வேலைப் பேச்சு மட்டும்தான். உனக்குத் தெரியாதா?"

தெரியும். தரையிலிருந்து பத்தாயிரம் அடி வரை விமானி அறையில் வேறு பேச்சு பேசக் கூடாது என்பது சட்டம். சண்டையும் கூடாது, சமாதானமும் கூடாது. விமானம் ஓடி, எழும்பி, ஆற்றைத் தாண்டித் திரும்பியது. மூவாயிரம் அடியில் வேட் மூச்சை இழுத்தான். நடீன் ஒரு விரலை உயர்த்தினாள். மூச்சை விட்டான். ஆறாயிரம். எட்டாயிரம். அவன் முழங்கால் ஆடுவது அவள் இருக்கையின் முதுகில் தெரிந்தது. சின்ன வயதில் தப்புச் செய்துவிட்டு மேஜையடியில் அப்படித்தான் காலை ஆட்டுவான்.

பத்தாயிரம் அடியில் மணி ஒருமுறை ஒலித்தது.

"இப்போ சொல்லு" என்றாள் நடீன்.

"இங்க பேசறது எல்லாம் பதிவாகும், அக்கா."

"பதிவாகட்டும். என்கிட்ட மறைக்க ஒண்ணுமில்ல. உன்கிட்ட இருக்கா?"

வேட் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "என் பேரை நீ சொல்லலன்னு கேள்விப்பட்டேன். காலையில நான் செஞ்சதுக்கு நீ சொல்லியிருக்கலாம். யாரும் உன்னைத் தப்பு சொல்ல மாட்டாங்க." நிறுத்தினான். "அன்னிக்கு ஸ்லோன் சொன்னதை நானும் எழுதினேன். என்கிட்ட எப்பவும் ரெண்டு பேனா இருக்கும். ஒண்ணை உனக்குக் குடுத்துட்டு, இன்னொண்ணுல நான் எழுதினேன். தேதி போட்டு, நேரம் போட்டு."

நடீன் கண்ணை முன்னால் இருந்த திரையிலிருந்து எடுக்கவில்லை.

"ஸ்லோன் சொன்னதை நீயும் எழுதின. அதே அறை, அதே நேரம். தேதி போட்டிருக்கு" என்றாள் மெதுவாக. "சரியா?"

டெரெல் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி" என்றான் வேட்.

"காகிதம் எங்க?"

"கார்லாகிட்ட. என் சட்டையைத் துவைக்கறப்போ எடுத்துட்டா. கைப்பையிலேயே வெச்சுக்கிட்டுத் திரியறா. கேட்டா, கிழிச்சாலும் கிழிப்பேன், தர மாட்டேங்கறா." கடிகாரத்தைப் பார்த்தான். "மில்வாக்கி நேரம் ஏழு மணிக்கு, மீன் சாப்பாட்டுக் கடையில பிள்ளைங்களோட காத்துட்டிருப்பா. நீ வரக் கூடாதுன்னு..."

"சொன்னா. என் காதாலேயே கேட்டேன். ஆனா அதுக்கு நான் சரின்னு சொல்லலையே."

பத்தாயிரம் அடிக்கு மேல் வேகக் கட்டுப்பாடும் கிடையாது. நடீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டெரெல், சுத்தி வளைக்காம நேரா மில்வாக்கிக்குப் போக வழி கேளு. இன்னிக்கு எனக்கு ஒரு மேஜையில இடம் பிடிக்கணும்."